எல்லைக்கு அப்பால் ஒரு நீதிமன்றம்

தாம்பரத்துக்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அலுவலகம் செல்வோரையும் கல்லூரி மாணவரையும் பூக்கூடை சுமப்போரையும் போலவே, வழக்காடுவோரையும் அந்த வண்டி அன்று முதல் சுமந்து வருகிறது. மடியில் துணிப்பை, பைக்குள் நூல் கட்டிய காகிதக் கட்டு, கோட்டை நிலையம் வந்துவிட்டதா என்று அடிக்கடி வெளியே எட்டிப் பார்க்கும் கண்கள். இவற்றைக் கண்டால், இவர் உயர்நீதிமன்றத்துக்குப் போகிறவர் என்று கேளாமலே சொல்லிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர் என் எதிரில் அமர்ந்திருந்தார். தாம்பரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூர்க்காரர். பொதுக் காரியத்துக்காக அவருடைய நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த இழப்பீடு போதாது என்று வழக்குத் தொடுத்தார். வழக்குப் படிப்படியாக ஏறி உயர்நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. வழக்குத் தொடுத்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவர் மகன், இப்போது தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டான். பேச்சுக்கு நடுவே பெரியவர் என்னை ஒரு கேள்வி கேட்டார்.

“ஏன் ஐயா, இங்கே தோற்றால் டெல்லி என்கிறார்கள். டெல்லிக்கும் மேலே ஏதாவது கோர்ட்டு உண்டா?”

“இல்லை, பெரியவரே” என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, அந்த விடை முற்றும் சரிதானா என்ற ஐயம் வண்டி தாம்பரம் திரும்பும் வரை என்னை விடவில்லை. நாடுகளுக்கு மேலாக நிற்கும் நீதிமன்றங்கள் உலகில் இருக்கின்றன. அவற்றுக்கும் நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் என்ன உறவு? அவை கட்டளையிட்டால் நம் நீதிமன்றங்கள் கேட்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெரியவரைப் போன்ற ஒருவர் அவற்றின் கதவைத் தட்ட முடியுமா? இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

பெரியவரின் கேள்வியை 1949-க்கு முன் ஒருவர் கேட்டிருந்தால் விடை எளிது. “உண்டு; லண்டனில் இருக்கிறது” என்று சொல்லியிருக்கலாம். பிரிவி கவுன்சில் என்ற பெயரை நம் பாட்டனார் காலத்தவர் நன்கு அறிவர். முன்சீப் கோர்ட்டில் தோன்றிய வரப்புச் சண்டை ஜில்லா கோர்ட்டுக்கும் ஐகோர்ட்டுக்கும் ஏறி, அதற்கு மேல் கப்பலேறிப் பிரிவி கவுன்சில் வரை போனதாகக் கதை சொல்லாத கிராமம் அருமை. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அதன் நீதிக் குழு, தீர்ப்பு என்று சொல்லாமல் மன்னருக்குக் கூறும் ஆலோசனை என்றே தன் முடிவை எழுதியது. ஆனால் அந்த ஆலோசனைக்கு நம் நாட்டு நீதிமன்றங்கள் அனைத்தும் கட்டுப்பட்டன.

அது அறியாமை நிறைந்த மன்றம் என்று சொல்ல முடியாது. 1868-இல் இராமநாதபுரம் சேதுபதிகளின் வாரிசு வழக்கு அங்கே முடிவாயிற்று. கணவன் அனுமதி தராமல் இறந்துபோனால், கைம்பெண் தத்தெடுக்கலாமா என்பது கேள்வி. தத்துச் செல்லாதென்றால் ஜமீன் அரசாங்கத்தைச் சேரும்; அதற்காக வாதாடியவர் மதுரைக் கலெக்டர். தென்னாட்டு வழக்கத்தின்படி, கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் தத்துச் செல்லும் என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. ஏட்டில் எழுதிய சட்டத்தைவிட, ஐயமற நிரூபிக்கப்பட்ட வழக்கமே வலியது என்ற விதியையும் அது அங்கே நிலைநாட்டியது. நம் வழக்கத்தை நமக்கே எடுத்துச் சொல்ல ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர்கள் வேண்டியிருந்தார்கள்! தீர்ப்பு நல்லதுதான். ஆனால் அந்த நீதிபதிகளை நியமித்ததில் நமக்குப் பங்கில்லை. அவர்கள் தவறினால் கேட்க நமக்கு நாவில்லை. ஆகவே, விடுதலை பெற்ற பின் 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாளோடு அந்த உறவை அறுத்துக்கொண்டோம். 1950 ஜனவரியில் டெல்லி உச்சநீதிமன்றம் நம் இறுதி மன்றமாயிற்று.

ஒரு வாசலை நாம் சாத்திய அதே காலத்தில், உலகில் வேறு சில வாசல்கள் திறந்துகொண்டிருந்தன. இவை ஆளும் நாடு ஆளப்படும் நாட்டின் மேல் ஏற்றிவைத்தவை அல்ல. நாடுகள் தாமே கூடிக் கையொப்பமிட்டு, தம் சம்மதத்தால் தமக்கு மேலே அமர்த்திக்கொண்டவை.

அவற்றுள் மிகவும் துணிவானது ஐரோப்பாவில், லக்சம்பர்க் நகரில் இருக்கும் நீதிமன்றம். அதன் வரலாற்றில் ஒரு மின்சாரக் கட்டண ரசீதுக்குப் பெரிய இடம் உண்டு. இத்தாலி அரசாங்கம் 1962-இல் மின்சாரத் தொழிலைத் தேசிய உடைமையாக்கியது. மிலான் நகரத்து வழக்கறிஞர் கோஸ்டா என்பவர் பழைய மின்சாரக் கம்பெனி ஒன்றில் பங்குதாரர். அவருக்குக் கோபம் வந்தது. 1,925 லிரா மதிப்புள்ள மின்சாரக் கட்டணத்தைக் கட்ட மறுத்துவிட்டார். அது மிகச் சிறிய தொகை. தேசிய உடைமைச் சட்டம் ஐரோப்பிய நாடுகளின் உடன்படிக்கைக்கு முரணானது என்பது அவர் வாதம். வழக்கு வந்தது மிலானின் மிகச் சிறிய நீதிமன்றம் ஒன்றுக்கு. அந்தச் சிறிய நீதிபதி என்ன செய்தார்? உடன்படிக்கைக்குப் பொருள் என்ன என்று கேட்டு நேராக லக்சம்பர்க்குக்கு எழுதினார். 1964 ஜூலை 15-ஆம் நாள் விடை வந்தது: உடன்படிக்கையால் பிறந்த சட்டத்தை, ஒரு நாடு பின்னால் இயற்றும் சொந்தச் சட்டத்தால் மீற முடியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லக்சம்பர்க் நீதிமன்றம் மிலான் நீதிபதியின் தீர்ப்பை இரத்துச் செய்யவில்லை. அது மேல்முறையீட்டு மன்றமாக அங்கே அமரவில்லை. கேட்ட கேள்விக்கு விடை மட்டும் சொன்னது. வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு மிலானிடமே இருந்தது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவிலும் இதற்கு ஓரளவு ஒப்பான முறை உண்டு. ஒரு சட்டம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தால், கீழ் நீதிமன்றம் அதனை உயர்நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பலாம். அங்கே அந்த முறை நாட்டின் எல்லையைத் தாண்டிச் செல்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. மேலிருந்து அதட்டும் குரலாக இல்லாமல், இரு நீதிபதிகள் எழுதிக்கொள்ளும் கடிதமாக அந்த உறவு அமைந்ததனாலேயே அது வேரூன்றியது என்று நான் கருதுகிறேன்.

அந்த உறவிலும் உரசல் இல்லாமல் இல்லை. ஜெர்மானிய அரசமைப்பு நீதிமன்றம் 1974-இல் ஒரு நிபந்தனை போட்டது: ஐரோப்பிய அமைப்பில் குடிமக்களின் அடிப்படை உரிமைக்குத் தக்க காப்பு இல்லாத வரையில், அதன் சட்டங்களை நாங்கள் எங்கள் தராசில் நிறுத்தே பார்ப்போம் என்றது. 1986-இல் அதே நீதிமன்றம் அதே ‘வரையில்’ என்ற சொல்லைத் திருப்பிப் போட்டது: அங்கே அந்தக் காப்பு இருக்கும் வரையில், நாங்கள் நிறுத்துப் பார்க்க மாட்டோம் என்றது. ஒரே சொல்தான், முதலில் அது பூட்டு, பிறகு அதுவே சாவி. 2020 மே மாதத்தில் அந்த நீதிமன்றம், லக்சம்பர்க்கின் தீர்ப்பு ஒன்று அதற்குரிய அதிகார எல்லையை மீறியது என்று வெளிப்படையாகவே கூறிவிட்டது. இறுதிச் சொல் யாருடையது என்ற கேள்வி அங்கும் முடிந்துவிடவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் அரசமைப்பின் 51-ஆம் விதி, சர்வதேசச் சட்டத்தையும் உடன்படிக்கைக் கடமைகளையும் மதிக்கும் மனப்பான்மையை வளர்க்குமாறு அரசுக்கு வழி சொல்கிறது. 253-ஆம் விதி, உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்குத் தருகிறது. இதன் கருத்து யாது? டெல்லி ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டதும் அது தாம்பரத்து நீதிமன்றத்தில் சட்டமாகிவிடாது. பாராளுமன்றம் அதனைச் சட்டமாக்க வேண்டும். வெளியே கொடுத்த வாக்கு ஒன்று. உள்ளே செல்லும் சட்டம் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. அதன் திறவுகோல் பாராளுமன்றத்தின் கையில்.

வேறு சில நாடுகளிலும் இதே நிலைதான். அமெரிக்காவில் மரண தண்டனை பெற்ற மெக்சிகோ நாட்டவர் பலருக்கு, தம் நாட்டுத் தூதரைக் காணும் உரிமை சொல்லப்படவில்லை என்று ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றம் 2004-இல் தீர்த்தது. அந்தத் தீர்ப்பு, காங்கிரஸ் சட்டம் இயற்றினாலன்றி எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2008-இல் கூறியது. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா அதே ஹேக் மன்றத்தை நாடியது. பாகிஸ்தான் தூதரக உரிமையை மீறியது என்று 2019 ஜூலை 17-இல் தீர்ப்புக் கிடைத்தது. ஆயினும் ஹேக் மன்றம் பாகிஸ்தான் இராணுவ நீதிமன்றத்தின் தண்டனையைத் தானே இரத்துச் செய்யவில்லை. மறு ஆய்வு செய்யுமாறு அந்நாட்டுக்குச் சொல்லியது. பாகிஸ்தான் 2021-இல் அதற்கென ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. சர்வதேச நீதிமன்றம் நாட்டோடு பேசுகிறது. நாட்டின் நீதிமன்றத்தோடு நேரே பேசுவதில்லை.

இந்தச் செய்தி நமக்கு மிக அருகில் வந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2012 பிப்ரவரி 15-ஆம் நாள், கேரளக் கடலோரத்திலிருந்து ஏறத்தாழ 20 கடல் மைல் தொலைவில், மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் குண்டுகள் பாய்ந்தன. சுட்டவர்கள் ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலைக் காவல் காத்த கடற்படை வீரர் இருவர். மீனவர் இருவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர். கேரளப் போலீசார் வழக்குத் தொடுத்தனர். இதனை விசாரிக்கும் அதிகாரம் கேரளத்துக்கு இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று 2013-இல் உச்சநீதிமன்றம் கூறியது. இத்தாலி ஹாம்பர்க் நகரிலுள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்தை நாடியது. இரு நாடுகளும் தத்தம் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று அது 2015 ஆகஸ்ட் 24-இல் கட்டளையிட்டது. நம் உச்சநீதிமன்றம் அந்தக் கட்டளைக்கு மதிப்புத் தந்து, விசாரணையை நிறுத்திவைத்தது.

2020 மே 21-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அந்த வீரர்கள் அரசு அலுவலில் இருந்தவர்கள். ஆகவே இந்திய நீதிமன்றம் அவர்களைத் தண்டிக்க இயலாது என்று நடுவர் ஐவருள் மூவர் கூறினர். அதே மன்றம், இத்தாலி இந்தியப் படகின் கடற்பயண உரிமையை மீறியது, இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்த்தது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட பின், 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. மாண்டவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி. படகின் உரிமையாளருக்கு 2 கோடி. பணம் வந்தது. ஆனால் குற்றம் செய்தவர் யார், அவருக்கு என்ன தண்டனை என்று நம் மண்ணில் ஒரு விசாரணையும் முழுமை பெறவில்லை. அந்தச் சர்வதேச மன்றத்தில் மீனவர் குடும்பம் கட்சிக்காரர் அன்று. அங்கே நின்றவை இரண்டு நாடுகள்தாம்.

இப்போது தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே வருகிறேன். தெற்கே வண்டலூர் சென்று, மேற்கே வாலாஜாபாத் சாலையில் திரும்பிப் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். நிஸ்ஸான், ரெனோ என்னும் இரு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த மோட்டார் கார்த் தொழிற்சாலை அங்கே 2010-இல் திறக்கப்பட்டது. அதற்கு அடிப்படை, தமிழ்நாட்டு அரசுடன் 2008-இல் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தம். தொழிற்சாலை வந்தால் வரிச் சலுகை முதலிய ஊக்கத் தொகைகள் உண்டு என்பது அதன் சாரம். அந்தத் தொகை முழுவதும் வந்து சேரவில்லை என்பது நிஸ்ஸானின் முறையீடு. சாதாரணமாக இத்தகைய தகராறு எங்கே போகும்? சென்னையில் தீர வேண்டியது என்று நீங்கள் நினைப்பீர்கள்.

ஆனால் 2011-இல் இந்தியாவும் ஜப்பானும் ஒரு பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு நாட்டு முதலீட்டாளர், தமக்கு அநியாயம் நேர்ந்ததாகக் கருதினால், மற்ற நாட்டு அரசையே சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம் என்ற வழி அதில் இருந்தது. நிஸ்ஸான் அந்த வழியில் சென்றது. 2017-இல் நடுவர் விசாரணை தொடங்கியது. கேட்ட தொகை ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் எழுதின. வாக்குறுதி தந்தது சென்னைக் கோட்டை. உடன்படிக்கையில் கையொப்பமிட்டது டெல்லி. பிரதிவாதியாக நின்றது இந்தியக் குடியரசு. ஒரு மாநிலம் செய்ததும் செய்யத் தவறியதும் அந்த நாட்டின் செயலாகவே சர்வதேசச் சட்டத்தில் கொள்ளப்படும்.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம் பொருளுக்கு முக்கியமானது. 2017 டிசம்பரில் இந்திய அரசு, அந்த நடுவர் விசாரணைக்குத் தடை வேண்டிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. அந்தப் பெரியவர் தம் காகிதக் கட்டோடு படியேறிய அதே செங்கட்டடம்! தேசிய நீதிமன்றத்தைக் கேடயமாக்கிச் சர்வதேச மன்றத்தைத் தடுக்க முயன்றது அரசு. மன்றமோ தன் வேலையைத் தொடர்ந்தது. நடுவர் மூவருள் ஒருவர், இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஜே. எஸ். கேஹர். வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று அம்மன்றம் 2019 ஏப்ரல் 29-இல் முடிவு செய்தது. இறுதித் தீர்ப்பு வருமுன்பே, 2020-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

நிஸ்ஸான் செய்தது தவறென்று நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றாவிட்டால் கேட்க ஓர் இடம் வேண்டும். என் மனத்தை உறுத்துவது வேறு. அதை விளக்க இன்னொரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலிய நிறுவனமாகிய ஒயிட் இண்டஸ்ட்ரீஸ், நிலக்கரிச் சுரங்க வேலைக்காக 1989-இல் கோல் இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்தது. தகராறு மூண்டது. 2002-இல் நடுவர் தீர்ப்பு அதற்குச் சாதகமாக வந்தது. அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்யக் கல்கத்தாவில் ஒரு மனு. நிறைவேற்ற டெல்லியில் ஒரு மனு. பிறகு உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு. ஒன்பது ஆண்டுகள் உருண்டன. கடைசியில் அந்நிறுவனம், இந்தியா ஆஸ்திரேலியாவோடு செய்துகொண்ட முதலீட்டு உடன்படிக்கையைக் கையில் எடுத்தது. உரிமையை நிலைநாட்டத் தக்க வழி இருக்க வேண்டும் என்ற வாசகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. குவைத்தோடு இந்தியா செய்துகொண்ட உடன்படிக்கையில் இருந்தது. மற்ற நாட்டவருக்குத் தரும் சலுகை எங்களுக்கும் உண்டு என்ற விதியைக் காட்டி, அதனை இங்கே வரவழைத்தது. 2011 நவம்பரில் மன்றம் தீர்ப்புச் சொன்னது: இந்திய நீதிமன்றங்களின் தாமதமே உடன்படிக்கையை மீறிய செயல்; இந்தியா ஏறத்தாழ 40 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க வேண்டும்.

இதைப் படித்த அன்று ரயிலில் கண்ட பெரியவர் என் நினைவுக்கு வந்தார். ஒன்பது ஆண்டுத் தாமதம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அநீதி என்றால், அவருடைய காத்திருப்புக்கு என்ன பெயர்? அவரும் அதே நீதிமன்ற வரிசையில்தான் நின்றார். ஆனால் அவர் இந்நாட்டுக் குடிமகன். ஆகையால் அந்த வாசல் அவருக்குத் திறக்காது. ஐரோப்பாவில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மனித உரிமை நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. தன் சொந்த அரசுக்கு எதிராகவே ஒரு சாதாரணக் குடிமகன் அங்கே முறையிடலாம். வழக்கு நியாயமான காலத்துக்குள் முடியவில்லை என்பதற்காகவும் முறையிடலாம். ஆசியக் கண்டம் முழுமைக்குமாக அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. நம் நாட்டுக்கு மேலே முதலீட்டுக்கு ஒரு வாசல் உண்டு; முதலீட்டுக்கு நிலம் கொடுத்தவனுக்கும் அதில் உழைப்பவனுக்கும் இல்லை. நான் குறை என்று கருதுவது இதைத்தான்.

அந்த வழக்குக்குப் பின் இந்திய அரசு விழித்துக்கொண்டது. புதிய மாதிரி உடன்படிக்கை ஒன்றை வகுத்தது. அதன்படி, முதலீட்டாளர் முதலில் நம் நாட்டு நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டுகளாவது முயன்று பார்க்க வேண்டும். 2016 முதல், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு இருந்த பழைய உடன்படிக்கைகளை முடித்துக்கொள்ள அறிவிப்பும் கொடுத்தது. இது ஒரு வழி. ஆனால் நோயாளியின் சூட்டைக் காட்டிய கருவியை உடைத்துவிட்டால் காய்ச்சல் தணிந்துவிடுமா? தாமதம் என்ற நோய் உள்ளேதானே இருக்கிறது?

அப்படியானால் எல்லைக்கு அப்பாலிருந்து எளியவனுக்கு எந்த நன்மையும் வரவில்லையா? வந்திருக்கிறது, வேறொரு வாசல் வழியாக. அதற்கும் எங்கள் பகுதியே சாட்சி. தாம்பரத்துக்கு வடக்கே குரோம்பேட்டை என்று ஓர் ஊர். குரோம் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்த பெயர் அது. அங்கும் பல்லாவரத்திலும் தோல் தொழில் பலருக்குச் சோறு போட்டது. கிணற்று நீரையும் கெடுத்தது. பாலாற்றங்கரையில் இந்தக் கேடு மிகுந்தபோது, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு வந்தது. 1972-இல் ஸ்டாக்ஹோமிலும் 1992-இல் ரியோவிலும் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட கொள்கைகளை அத்தீர்ப்பு எடுத்துக்கொண்டது. கேடு செய்தவனே அதைச் சீர்படுத்தும் செலவை ஏற்க வேண்டும். கேடு வருமுன் காக்க வேண்டும். இவை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் ஒன்று, அந்நாளில் தாம்பரமும் பல்லாவரமும் அடங்கியிருந்த செங்கை மாவட்டம். சுற்றுச்சூழல் வழக்குகளைக் கவனிக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தனி அமர்வு ஏற்படவும் அது வழி செய்தது.

இங்கே வெளிநாட்டு நீதிபதி எவரும் வந்து அமரவில்லை. உலகம் ஒப்பிய நெறியை நம் நீதிபதிகளே எடுத்து, நம் சட்டத்தோடு பிணைத்தார்கள். இதற்கு முன்னோடி நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர். கடனைக் கட்ட இயலாத ஏழையை அந்தக் காரணத்துக்காகவே சிறையில் அடைக்கக் கூடாது என்ற சர்வதேச உடன்படிக்கையின் விதியை நினைவில் வைத்து, நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்கு அவர் 1980-இல் பொருள் கண்டார். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் விதிகளை உச்சநீதிமன்றம் 1997-இல் விசாகா வழக்கில் வகுத்தபோதும், பெண்கள் உரிமை பற்றிய உலக உடன்படிக்கையே துணை நின்றது. பாராளுமன்றம் அதற்குத் தனிச் சட்டம் இயற்றியது 2013-இல். பதினாறு ஆண்டுகள் இடைவெளியை நிரப்பியது அந்த இரவல் விளக்குத்தான்.

ஆகவே, நாடு கடந்த நீதிமன்றத்தை எண்ணி அஞ்சுவதும் சரியன்று; கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதும் சரியன்று. அதனிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நீ யாருடைய சம்மதத்தால் அமர்ந்தாய்? எங்கள் நீதிபதிகளோடு பேசுகிறாயா, அவர்களுக்குக் கட்டளை மட்டும் இடுகிறாயா? உன் கதவை யார் யார் தட்டலாம்? பிரிவி கவுன்சில் முதல் கேள்வியிலேயே தோற்றது. லக்சம்பர்க் மன்றம் இரண்டாவதில் நல்ல விடை தந்தது. முதலீட்டு நடுவர் மன்றங்கள் மூன்றாவதில் தடுமாறுகின்றன.

பெரியவரை நான் மறுபடி சந்திக்கவில்லை. சந்தித்தால் என் விடையைத் திருத்திச் சொல்ல வேண்டும். “டெல்லிக்கும் மேலே கோர்ட்டு உண்டு, பெரியவரே, ஆனால் அது உங்களுக்கென்று அமைந்ததில்லை. உங்கள் நீதி அங்கிருந்து இறங்கி வராது. நீங்கள் ரயிலேறிப் போகிறீர்களே, அந்தச் செங்கட்டடத்திலும், அதற்கும் முன்னால் நம்மூர் முன்சீப் கோர்ட்டிலுமே அது காலத்தோடு கிடைக்க வேண்டும்.” அங்கே விரைந்து கிடைக்குமானால், வெளிநாட்டு நிறுவனமும் வேறு வாசலைத் தேடிப் போகக் காரணம் குறையும். எல்லைக்கு அப்பாலுள்ள நீதிமன்றத்துக்கு நாம் சொல்லக்கூடிய சிறந்த மறுமொழி, எல்லைக்கு உள்ளே தாமதமில்லாத நீதிதான்.